கல்லூரி செல்லும் மகளுக்குப் பழைய கார்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் சேரவிருக்கும் என் மகளுக்கு, விலை குறைந்ததும் நடுவழியில் நின்று தொல்லை தராததுமான ஒரு பழைய கார் வாங்க எண்ணியுள்ளேன். தோற்றமும் வேகமும் பொருட்டல்ல. ஏபிஎஸ் (திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு), ஏர்பேக் இருக்க வேண்டும், உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்க வேண்டும்.

இரண்டு வண்டிகளைப் பார்த்துள்ளேன். ஒன்று 2014-ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சர்வீஸ் ரசீதுகள் அனைத்தும் ஒழுங்காக உள்ளன. மற்றொன்று 2018-ஆம் ஆண்டின் சிறிய கார். மீட்டர் 45,000 மட்டுமே காட்டுகிறது. ஆனால் அதன் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது; நான்கு டயர்களிலும் 2321 என்ற எண், அதாவது 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு என்ற குறிப்பு, பொறிக்கப்பட்டுள்ளது. இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு அதற்குள் டயர் மாற்ற வேண்டிய தேவை என்ன என்று கேட்டால், விற்பவர் பேச்சை மாற்றுகிறார். மீட்டரைக் குறைத்து வைத்திருப்பாரோ என்று சந்தேகம்.

அந்தச் சிறிய காரில் இருப்பது டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயங்கவைக்கும் பட்டை). அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும் என்பதால், மாற்றியதற்கான சான்று இல்லாமல் வாங்கத் தயங்குகிறேன். என் மனம் கொரோலாவின் பக்கமே சாய்கிறது. இவ்வளவு ஓடிய வண்டியில் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் ஆகியவற்றில் எவற்றை முதலில் சோதிக்க வேண்டும்? வண்டியின் கணினி பதிந்து வைத்திருக்கும் பிழைக் குறியீடுகளை விற்பவர் அழித்துவிட்டுக் காட்டினால், அவற்றைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் கருவியில் அப்படி அழித்ததைக் கண்டுபிடிப்பது எப்படி? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.