நிக்கான் எஃப்55, எஃப்75, எஃப்80: கையில் உள்ள லென்ஸ்களுக்கு எது பொருந்தும்?

பொன்வண்டு (கேள்வி):
வணக்கம். டி7200 டிஜிட்டல் கேமரா பயன்படுத்துகிறேன், ஃபிலிமிலும் எடுக்க விருப்பம். எஃப்55, எஃப்75, எஃப்80 மூன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. அதிலும் குறைந்த விலை எஃப்55தான். என்னிடம் உள்ள லென்ஸ்கள்: 50 மி.மீ. 1.8டி, ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. 1.8ஜி, ஏஎஃப்-எஸ் 70-300 விஆர், ஏஎஃப்-பி டிஎக்ஸ் 18-55, கையால் ஃபோகஸ் செய்யும் பழைய ஏஐ-எஸ் 28 மி.மீ. 2.8. எல்லாம் மாட்டும் என்கிறார் கடைக்காரர். மாட்டினால் வேலையும் செய்யுமா?

வெள்ளித்தாள்:
மாட்டும். வேலை செய்வது வேறு விஷயம். எஃப்55-ஐ விட்டுவிடுங்கள். அதில் ஃபோகஸ் செய்வது பாடியில் (கேமரா உடலில்) உள்ள மோட்டார் மட்டும்தான். ஏஎஃப்-எஸ் லென்ஸுக்குள் இருக்கும் மோட்டாரை அதற்கு இயக்கத் தெரியாது. 35-ம் 70-300-ம் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களாகிவிடும். எஃப்75, எஃப்80 இரண்டிலும் ஏஎஃப்-எஸ் ஓடும், விஆரும் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) வேலை செய்யும்.

50 1.8டி எதிலும் சிக்கலில்லை, ஒரு நிபந்தனையோடு: அபர்ச்சர் (ஒளித்துளை) வளையத்தை 22-க்குத் திருப்பிப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் திரையில் எஃப்இஇ என்று மின்னும், ஷட்டர் விழாது. விற்பவர்கள் 'பழுது' என்று தள்ளிவிடும் பாடிகளில் சில இந்த எஃப்இஇ கேஸ்தான். இன்னொன்று, இந்த லென்ஸைக் கையால் ஃபோகஸ் செய்யும் முன் பாடியில் உள்ள ஃபோகஸ் விசையை எம்-முக்கு (மேனுவல்) மாற்றுங்கள். பாடியிலிருந்து வரும் திருகுத்தண்டு லென்ஸோடு கோத்திருக்கும்போது வளையத்தைத் திருகினால் பல்சக்கரம் சேதமாகும்.

18-55 ஏஎஃப்-பி எந்த ஃபிலிம் பாடிக்கும் உதவாது. அதன் ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில் ஓடுவதால் கையாலும் ஃபோகஸ் செய்ய முடியாது. இனி வாங்கும்போதும் பெயரில் ஏஎஃப்-பி அல்லது இ என்று இருந்தால் ஒதுக்குங்கள். இ வகையில் அபர்ச்சரை மூடும் நெம்புகோல் இல்லை, ஃபிலிம் பாடியில் அது முழுத் திறப்பிலேயே நிற்கும்.

35 டிஎக்ஸ், ஃபிலிமைவிடச் சிறிய டிஜிட்டல் சென்சாருக்கான லென்ஸ் என்றாலும், ஃபிலிமில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். 1.8-ல் மூலைகள் மெதுவாக இருளும். 8, 11 என்று மூட மூட அந்த இருட்டுக்குக் கூர்மையான விளிம்பு வந்துவிடும். 4-க்குள் வைத்து, அச்சுப் போடும்போது பக்கங்களை வெட்டினால் நல்ல படம் கிடைக்கும்.

நிழற்குடை:
28 ஏஐ-எஸ் பற்றி: எஃப்75, எஃப்80 இரண்டிலும் ஒளிமானி அணைந்துவிடும். எம் மோடில் (எல்லாம் நாமே வைக்கும் மேனுவல்) மட்டும் படமெடுக்கலாம். அபர்ச்சரை லென்ஸ் வளையத்தில் வைத்து, ஒளியைக் கைபேசிச் செயலியாலோ தனி மீட்டராலோ அளக்க வேண்டும். வ்யூஃபைண்டரில் ஃபோகஸ் சரியானதும் எரியும் புள்ளி வேலை செய்யும், அது பெரிய உதவி. ஒளிமானியும் வேண்டுமென்றால் எஃப்90எக்ஸ் அல்லது எஃப்100. ஆனால் எஃப்90எக்ஸில் விஆர் இல்லை; வளையமில்லாத ஜி லென்ஸ்கள் அபர்ச்சரைப் பாடியே தேர்ந்தெடுக்கும் பி, எஸ் மோடுகளில்தான் சரியாக ஓடும். உங்கள் லென்ஸ்களில் ஃபிலிமுக்கு உதவும் 35, 70-300 இரண்டும் ஜி என்பதால் எஃப்80-தான் என் தேர்வு.

பொன்வண்டு:
மிக்க நன்றி. எஃப்75-க்கும் எஃப்80-க்கும் வேறென்ன வித்தியாசம்? பெரிய சுருளிலிருந்து வெட்டி, குறியீடில்லாத டப்பாவில் நானே சுருட்டிய 400 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் பயன்படுத்தப் போகிறேன்.

வெள்ளித்தாள்:
அப்படியானால் முடிவு எளிது. ஃபிலிம் டப்பாவில் ஐஎஸ்ஓவைச் சொல்லும் டிஎக்ஸ் குறியீட்டை (லென்ஸில் உள்ள டிஎக்ஸ் வேறு, பெயர் மட்டும் ஒன்று) எஃப்75 தானாகப் படிக்கும், நீங்கள் மாற்ற வழியில்லை. குறியீடே இல்லாவிட்டால் 100 என்று எடுத்துக்கொள்ளும். 400 ஃபிலிமுக்கு அது இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) அதிக ஒளி. எக்ஸ்போஷர் திருத்தத்தில் −2 வைத்தால் ஈடுகட்டலாம், மறந்தால் ரோல் முழுக்க அடர்ந்த நெகட்டிவ். எஃப்80-ல் ஐஎஸ்ஓவை 6 முதல் 6400 வரை நீங்களே வைக்கலாம்.

கருவிழி:
வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. எஃப்80-க்கு சிஆர்123ஏ இரண்டு, எஃப்75-க்கு சிஆர்2 இரண்டு. சிஆர்123ஏ அளவில் வரும் 3.7 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரியைப் போடாதீர்கள்: முழு சார்ஜில் ஒன்று 4.2 வோல்ட், இரண்டு சேர்ந்து 8.4, பாடி எதிர்பார்ப்பது 6. எம்பி-16 பேட்டரி பிடி கிடைத்தால் எஃப்80 நாலு சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும், செலவும் குறையும்.

பின்கதவைத் திறந்து, 50-ஐ மாட்டி, வளையத்தை 22-லேயே விட்டு, பாடியில் அபர்ச்சரை 1.8-க்கு வைத்து, 1/30-ல் சில தடவை அடியுங்கள். ஃபிலிம் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் முழுச் செவ்வகமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பின்கதவைப் பூட்டும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் வாங்காதீர்கள், ஒட்டினாலும் நிற்பதில்லை. எஃப்80-ன் பின்புற ரப்பர் பூச்சு பிசுபிசுப்பது சகஜம், அதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் பூச்சு போய் வழவழப்பான பிளாஸ்டிக் மிஞ்சும். திரைக் கண்ணாடிமேல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.