பிஜிஏ எக்ஸ்ரேக்கு 2 விநாடி, அணுக்கரு இணைவுக்கு 1 நானோ விநாடி: எப்படி?

பாலக்கோடு தக்காளி:

வணக்கம். ஊர் பாலக்கோடு, வேலை ஓசூர் சிப்காட்டில். சர்க்யூட் போர்டு கம்பெனியில் எக்ஸ்ரே சோதனை மெஷின் என் பொறுப்பு. பிஜிஏ என்ற வகைச் சிப்புக்கு அடியில் அதைப் போர்டோடு இணைக்கும் சால்டர் உருண்டைகளில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்ப்பதே தினசரி பிழைப்பு. ஒரே இடத்தை 16 தடவை எடுத்துச் சராசரி போட்டால்தான் படம் தெளிகிறது. அதற்கு 2 விநாடி. "இதைக் குறை, குறை" என்று மேலே இருந்து நச்சரிப்பு. 4 தடவையாகக் குறைத்துப் பார்த்தேன். குமிழி எது, வெறும் புள்ளி எது என்றே தெரியவில்லை.

போன வாரம் நைட் ஷிப்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைப் பற்றிப் படித்தேன். லேசரால் அணுக்கரு இணைவு நடத்தி, அதை 1 நானோ விநாடியில் எக்ஸ்ரே படமே எடுத்துவிடுகிறார்களாம். என் 2 விநாடியோடு பார்த்தால் 200 கோடி மடங்கு வேகம்! அந்தக் கேமராவில் அப்படி என்னதான் இருக்கிறது? எங்கள் மெஷினில் எக்ஸ்ரேயை வாங்கிப் படமாக்கும் தகட்டையும் அப்படி ஆக்க முடியாதா? பிஇ இசிஇ படித்தவன், கணக்குப் போட்டே சொல்லலாம்.

மாங்கொட்டை:

ஷட்டரை வேகமாக மூட வேண்டியதுதானே? என் கேமராவிலேயே 1/8000 இருக்கிறது. காவேரிப்பட்டணத்தில் மாங்காய் விழுவதை அந்தரத்தில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன்.

தொப்பூர் கணவாய்:

மாங்கொட்டை, உங்கள் மாங்காய் விநாடிக்குச் சில மீட்டர் விழும். அங்கே 2 மில்லிமீட்டர் எரிபொருள் உருண்டையை 192 லேசர் கற்றைகளின் ஆற்றல் நசுக்குகிறது. அதன் ஓடு விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே பாய்கிறது. 1 நானோ விநாடியில் 0.4 மில்லிமீட்டர். கடைசியில் நடுவில் எரியும் பகுதியோ 0.1 மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆக அந்தக் கடைசிக் கட்டத்துக்கு 1 நானோ விநாடியே ரொம்ப நீளம், 100 பிகோ விநாடி, அதாவது நானோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்க வேண்டும். இரும்பு ஷட்டரெல்லாம் ஆகாது, மின்சாரம்தான் ஷட்டர்.

தம்பி தக்காளிக்கு: நான் வடக்கே ஒரு ஆய்வகத்தில் இந்த மாதிரிக் கேமராக்களோடு சில வருடம் இருந்தவன், இப்போது தர்மபுரியில். பழைய வழி மைக்ரோசேனல் பிளேட். அரை மில்லிமீட்டர் கனக் கண்ணாடித் தகடு, அதில் லட்சக்கணக்கான நுண்துளைகள். மேலே தங்கப் பூச்சுப் பட்டை. எக்ஸ்ரே பட்டால் எலக்ட்ரான் கிளம்பும், துளைக்குள் மோதி மோதிப் பெருகும். ஆனால் பட்டையில் வோல்டேஜ் இருக்கும் நேரம் மட்டுமே. அந்த வோல்டேஜை ஒரு குட்டித் துடிப்பாக அனுப்பினால் அதுவே ஷட்டர். வெற்றிடம் சரியாக வராமல் வோல்டேஜ் கொடுக்கக் கூடாது. நான் ஒருமுறை அவசரப்பட்டுக் கொடுத்து, தகட்டின் நடுவில் கருகல் புள்ளி விழுந்தது. இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. தொப்பூரில் ஜாம் ஆனால் முன்னால் நிற்கும் லாரி நகர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் கடைசி லாரி நகரும், இல்லையா? அந்தத் துடிப்பும் 4 சென்டிமீட்டர் பட்டையைக் கடக்க 200 பிகோ விநாடிக்கு மேல் ஆகும். இடது ஓரம் முன்னால், வலது ஓரம் பின்னால். இந்தக் குறையையே வசதியாக்கிவிட்டார்கள்: பட்டை நெடுக ஊசித்துளை வழியே வரிசையாகப் பிம்பங்களை விழ வைத்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கணத்தின் படம்.

புது வழி சிலிக்கான். நியூ மெக்சிகோவில் உள்ள சாண்டியா ஆய்வகம் செய்தது. அதை உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். தக்காளியைப் பறிப்பது வேகம், மண்டிக்குப் போவது மெதுவு. ஒவ்வொரு பழத்தையும் பறித்த கையோடு மண்டிக்கு ஓட முடியுமா? வரப்பில் கிரேட் வைத்து நிரப்பிக்கொண்டு அப்புறம் வண்டி ஏற்றுவோம். இங்கே 25 மைக்ரான் பிக்சல் ஒவ்வொன்றுக்கும் அடியில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் சில குட்டிக் கெப்பாசிட்டர்கள், அவைதான் கிரேட். முதல் கணத்தின் மின்னூட்டம் ஒன்றில், அடுத்தது அடுத்ததில். ஆற அமரப் பிறகு வாசித்துக்கொள்வார்கள். ஆனால் 25 மைக்ரான் வரப்பில் எத்தனை கிரேட் வைப்பது? அவர்களுடைய இகாரஸ் சிப்பில் 1024 × 512 பிக்சல், படங்கள் 4 மட்டுமே. அதுவும் 350 நானோமீட்டர் தொழில்நுட்பம். கைப்பேசிச் சிப்புக்குத் தாத்தா.

பாலக்கோடு தக்காளி:

கிரேட் கணக்கு நன்றாகப் புரிந்தது அண்ணா. இணைவில் கிளம்பும் நியூட்ரான் சிப்பைக் கெடுக்காதா? என் தகடு விஷயத்தையும் விட்டுவிட்டீர்களே.

தொப்பூர் கணவாய்:

கெடுக்கும். 2022 டிசம்பர் 5 அன்று லிவர்மோரில் லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல், இணைவில் கிடைத்தது 3.15. அதற்கு 10 ஆயிரம் கோடிக் கோடி நியூட்ரான் போலக் கிளம்பியிருக்கும். ஒரு நல்ல விஷயம், எக்ஸ்ரே நானோ விநாடிக்கு 30 சென்டிமீட்டர் போகும், நியூட்ரான் 5 சென்டிமீட்டர்தான். 1 மீட்டர் தள்ளி வைத்த கேமராவில் படம் விழுந்து 16 நானோ விநாடி கழித்தே நியூட்ரான் வரும். ஆனால் படம் அப்போதும் கிரேட்டில்தான் இருக்கிறது, மண்டிக்குப் போகவில்லை. ஆலங்கட்டி மழை வழியில் பிடித்துக்கொண்டது மாதிரி. அதனால் பெரிய வெடிப்புகளுக்குக் கேமராவை இன்னும் தள்ளி வைப்பார்கள், இல்லாவிட்டால் பிலிமுக்கே திரும்புவார்கள்.

உங்கள் தகட்டில் அநேகமாகச் சீசியம் அயோடைடு இருக்கும். எக்ஸ்ரே பட்டதும் ஒளிரும், அந்த ஒளி அடங்கவே 1 மைக்ரோ விநாடி போல ஆகும். நானோ விநாடிக் கனவு அங்கேயே முடிந்தது. போகட்டும், உங்கள் 2 விநாடிக்குக் காரணம் தகடே இல்லை, வரும் எக்ஸ்ரே போதவில்லை. அங்கே கோடிக்கணக்கான டிகிரியில் கொதிப்பதால் ஒரே கணத்தில் கொட்டுகிறது. 16ஐ 4 ஆக்கினால் இரைச்சல் இரண்டு மடங்கு, நீங்கள் பார்த்தது அதுதான். எக்ஸ்ரே குழாயின் கரண்டை ஏற்றுங்கள், அல்லது குழாய்க்கும் தகட்டுக்கும் இடைவெளியைக் குறையுங்கள். கரண்ட் கூடினால் குழாயில் எக்ஸ்ரே கிளம்பும் குவியப் புள்ளி பருத்துப் படம் மங்கும், பார்த்துச் செய்யுங்கள்.

மாங்கொட்டை:

1/8000ஐ வாபஸ் வாங்குகிறேன்.

பாலக்கோடு தக்காளி:

இன்று மதியம் முயன்றேன். தகட்டைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து, கரண்டைச் சற்றே ஏற்றினேன். 8 தடவை போதும், 1 விநாடிதான் ஆகிறது. அதற்கு மேல் கரண்ட் ஏற்றினால் உருண்டை ஓரம் மங்குகிறது, நீங்கள் சொன்னபடியே. "அரை விநாடி ஆகாதா" என்று கேட்டாகிவிட்டது. அது இருக்கட்டும், இந்தக் கேமரா வேலைக்கே போக என்ன வழி அண்ணா?

தொப்பூர் கணவாய்:

காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம், இந்தோரில் ராஜா ராமண்ணா மையம், இரண்டின் தளத்தையும் பாருங்கள். கேட் தேர்வு எழுதினால் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிக்கும் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் விண்ணப்பிக்கலாம். நேர்காணலில் இந்த 16க்கும் 8க்கும் உள்ள கதையைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி பக்கம் வந்தால் சொல்லுங்கள், அந்தக் கருகின தகடு இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது.