பையனை உயரம் பத்தாதுன்னு டீம்ல எடுக்கல. பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரங்க ஆரம்பத்துல எப்படி இருந்தாங்க?

லோயர்கேம்ப் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரர் குமுளிக்கு மேல ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப் ஓட்டுறார். பையன் ஒன்பதாவது. எந்நேரமும் கூடைப்பந்துதான். இந்த வாட்டி குறுவட்டப் போட்டிக்குப் போற ஸ்கூல் டீம்ல அவன் பேர் இல்ல. "உயரம் பத்தாது"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. அஞ்சடி மூணு அங்குலம் இருக்கான். அன்னைலேர்ந்து சரியாச் சாப்பிடல. அவன் மாமா, "அமெரிக்காவோட பெரிய ஆட்டக்காரர் மைக்கேல் ஜோர்டானையே ஸ்கூல் டீம்லேர்ந்து தூக்கினாங்க, நீ எதுக்குடா அழுவுற"ன்னு சமாதானம் பண்றார். அது நெசமா? அந்தப் பெரிய ஆளுங்க எல்லாம் ஆரம்பத்துல எப்படித்தான் இருந்தாங்க? எனக்கு இந்த ஆட்டத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அடுத்த வருஷம் பத்தாவது வேற. விட்டுரச் சொல்லவா?

கம்பத்து மாப்ள:
மாமா சொல்றது நெசம்தான்க்கா. ஜோர்டானைத் தூக்கினாங்க, ரோஷம் வந்துச்சு, உலகத்தையே ஜெயிச்சாரு. பையனை விடச் சொல்லாதீங்க.

குமுளி கணக்குப்பிள்ளை:
அக்கா, நான் குமுளில ஒரு ஏலக்காய்க் கடைல கணக்கு எழுதுறேன். ஊரு கூடலூர். காலேஜ் வரைக்கும் பந்து தட்டுனவன். என்.பி.ஏ.ங்கிற அமெரிக்கா கூடைப்பந்து லீக் ஆட்டம் நம்ம நேரத்துக்கு விடியக்காலம் வருது, அதைப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுறது. வீட்டுல திட்டுதான்.

மாமாவும் மாப்ளையும் சொல்றது பாதிக் கதை. 1978-ல அமெரிக்காவுல வில்மிங்டன் ஊர்ல லேனி ஸ்கூல். ஜோர்டான் பத்தாவது படிக்கிறான், உயரம் 5 அடி 10 அங்குலம் வாக்குல. பெரிய டீமுக்கு அவன் செட்டுலேர்ந்து லீராய் ஸ்மித்துன்னு ஒரு பையனை எடுத்தாங்க, அவன் ஆறரை அடி. ஆனா ஜோர்டானை வீட்டுக்கு அனுப்பல, ஜூனியர் டீம்ல போட்டாங்க. பெரிய டீம்ல இருந்திருந்தா பெஞ்சு தேச்சிருப்பான். ஜூனியர்ல எல்லா ஆட்டமும் இறங்குனான், பந்து அவன் கையிலதான். அடுத்த வருஷத்துக்குள்ள உயரமும் வந்துருச்சு. ரோஷம் இருந்திருக்கும், இல்லேங்கல. ஆட்டம் கத்துக்கிட்டது அந்த ஜூனியர் டீம்ல.

அதனால யாரோட ஆரம்பத்தைப் படிச்சாலும் நான் ஒண்ணுதான் தேடுவேன்: இவரை யாரு ஆட விட்டா?

கிரீஸ்காரர் யானிஸ் அன்டெட்டோகூன்போவை எடுத்துக்குங்க. அப்பா அம்மா நைஜீரியாலேர்ந்து ஏதென்ஸுக்குப் பொழைக்கப் போனவங்க. புள்ளைங்க தெருவுல வாட்ச், கூலிங்கிளாஸ் வித்திருக்காங்க. யானிஸ் ஆடுனது கிரீஸ்ல ரெண்டாம் டிவிஷன். என்.பி.ஏ. டீமுங்க வருஷா வருஷம் புது ஆளுங்களை வரிசையா எடுக்குற டிராஃப்ட்ல, 2013-ல மில்வாக்கி டீம் 15-வது ஆளா எடுத்துச்சு. முதல் வருஷம் சராசரி 6.8 பாயிண்டுதான். அந்த வருஷம் மில்வாக்கி 82 ஆட்டத்துல ஜெயிச்சது வெறும் 15. என்னைக் கேட்டா அதான் அவருக்கு யோகம். ஜெயிக்கிற டீமா இருந்திருந்தா பதினெட்டு, பத்தொம்பது வயசுப் பையனைத் தெனம் இருபது நிமிஷத்துக்கு மேல எவன் ஆட விடுவான்? 2019, 2020 ரெண்டு வருஷமும் எம்விபி, அதாவது அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது, 2021 ஃபைனல் கடைசி ஆட்டத்துல 50 பாயிண்ட்.

செர்பியாக்காரர் நிகோலா யோகிச் கதை இன்னும் நல்லாருக்கும். 2014-ல 41-வது ஆள். டென்வர் எடுத்துச்சுன்னு பேர் வாசிக்கும்போது டிவில விளம்பரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு! எடுத்த உடனே பிளேன் ஏறல. செர்பியால மெகா கிளப்புலயே இன்னொரு வருஷம் இருந்து, ஏட்ரியாடிக் லீக்ல சிறந்த ஆட்டக்காரர்னு பேர் வாங்கிட்டுத்தான் அமெரிக்கா போனார். இப்பக் கையில மூணு எம்விபி.

கோபி பிரையன்ட் வேற மாதிரி. 1996-ல ஸ்கூல்லேர்ந்து நேரா வந்தவர், லேக்கர்ஸ் டீம்ல முதல் வருஷம் ஆட்டத்துக்குப் பதினஞ்சு நிமிஷம் கிடைச்சாப் பெருசு. 1997 மே மாசம் யூட்டால, சீசன் முடியப்போற ஆட்டம். வளையத்துல கூடப் படாம நாலு ஷாட் போச்சு. வயசு 18. அந்த நேரத்துல பந்தை அவர் கையில குடுத்த கோச்சைத்தான் நான் நெனச்சுப் பாப்பேன்.

எல்லாரும் இப்படி இல்ல. லெப்ரான் ஜேம்ஸ் 2003-ல ஸ்கூல் முடிச்ச கையோட டிராஃப்ட்ல முதல் ஆளாப் போயி, முதல் ஆட்டத்துலயே 25 பாயிண்ட் அடிச்சார். அந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு யாரு யோசனையும் வேண்டியதில்ல.

உயரத்துக்கு வர்றேன். ஆந்தணி டேவிஸ் சிகாகோல ஸ்கூல் படிக்கையில ஆரம்பத்துல ஆறடி வாக்குலதான், கார்டு (பந்தை ஓட்டிட்டுப் போயி பாஸ் போடுற எடம்) ஆடுனவர். ஸ்கூல் முடியறதுக்குள்ள எட்டு அங்குலம் வளந்தார். கார்டா ஓட்டிப் பழகுன கையும் கூடவே வந்துச்சு. 2012-ல முதல் ஆள் அவர்தான். உங்க பையன் வளருவான்னு நான் எழுதித் தர முடியாது. ஆனா அஞ்சடி மூணுல இருக்கையில பந்து ஓட்டவும் பாஸ் போடவும் கத்துக்கிட்டா, வளந்தாலும் லாபம், வளராட்டியும் லாபம்.

விடச் சொல்லாதீங்க. ஆட இடம் மட்டும் பாத்துக் குடுங்க.

மறையூர் மருமக:
நான் ஸ்டேட் வரைக்கும் ஆடுனவ, இப்ப ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மா. கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்றது சரி, ஆனா எல்லாம் அமெரிக்கா கதையாவே இருக்கு. பக்கத்துல கோட்டயத்துல கீத்து அன்னா ஜோஸ் இருக்காங்களே. இந்திய டீம் கேப்டனா இருந்தவங்க, ரயில்வே வேலை, ஆஸ்திரேலியாவுல கிளப்புக்கு ஆடுனவங்க. 2011-ல அமெரிக்காவுல டபிள்யூ.என்.பி.ஏ.ங்கிற பொம்பளைங்க லீக் டீம்கள் மூணு கூப்பிட்டு ஆட வெச்சுப் பாத்துச்சு, எடுக்கல. இந்தியாவுலேர்ந்து அந்த வாசல் வரைக்கும் போனதே பெரிய விஷயம்.

2015-ல பஞ்சாப் பையன் சத்னாம் சிங்கை டல்லாஸ் 52-வது ஆளா எடுத்துச்சு. ஏழடி உயரம். அவருக்கே ஒரு என்.பி.ஏ. ஆட்டத்துல இறங்க வாய்ப்புக் கிடைக்கல. அதனால அக்கா, பையன்கிட்ட ஜோர்டான் ஆயிருவேன்னு சொல்ல விடாதீங்க. இங்க இந்த ஆட்டம் நல்லா ஆடுனா காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட், அப்புறம் ரயில்வே, போலீஸ், மின்வாரியம்னு வேலை. எங்க வீட்டுல அதுக்குத்தான் ஆட விட்டாங்க, அது ஒண்ணும் கேவலமில்ல. பத்தாவது பாஸ் ஆகாம அதுவும் கிடைக்காது.

லோயர்கேம்ப் அம்மா:
ரொம்ப நன்றி தம்பி, மறையூர்த் தங்கச்சிக்கும். ஜூனியர் டீம் கதையைப் பையனுக்கு வாசிச்சுக் காட்டுனேன், "அப்ப நம்ம ஸ்கூல்ல ஜூனியர் டீமே இல்லையேம்மா"ன்னு கேக்குறான். என்ன சொல்ல?

குமுளி கணக்குப்பிள்ளை:
நல்லாத்தான் கேக்குறான் பய.

பி.டி. சார்கிட்ட நீங்களே போயி, "டீம்ல வேணாம் சார், டீம் பயிற்சி எடுக்கையில எதிர்ப் பக்கம் ஆள் கொறஞ்சா இவனை நிறுத்துங்க"ன்னு கேளுங்க. எந்த ஸ்கூல்லயும் அந்த எடம் காலியாத்தான் இருக்கும், சாருக்கும் அது உபகாரம். ஞாயித்துக்கிழமை காலைல கம்பத்துல பெரியவங்க ஆடுற எடத்துக்கு அனுப்புங்க. அங்க அஞ்சு பேர் சேரலைன்னா சின்னவனையும் இறக்கிருவாங்க. நானும் வருவேன், சொல்லி வைக்கிறேன்.

மே மாசம் பெரியகுளத்துல சில்வர் ஜூபிலி கிளப் நடத்துற அகில இந்தியப் போட்டிக்கு ராத்திரி ஒரு ஆட்டமாவது கூட்டிட்டுப் போங்க. பந்து போற பக்கமெல்லாம் பாக்காம, குட்டையா இருக்குற கார்டு ஒருத்தரை மட்டும் முழு ஆட்டமும் பாக்கச் சொல்லுங்க.

அப்புறம், ஓடுறதுக்குப் போடுற ஷூவைப் போட்டு ஆட விடாதீங்க. பக்கவாட்டுல திரும்பையில கணுக்கால் மடங்கும். கறியோட கணுக்கால் தொந்தரவு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, 2011-12 சீசன்ல அவர் ஆடுனதே 26 ஆட்டம்தான். என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஸ்டீபன் கறியைச் சொல்றேன்க்கா, கொழம்பு இல்ல.