மொடல் ரயில் ஒப்பரேட்டிங் செஷன்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

உவர்மலையிலிருந்து

திருகோணமலையில் மொடல் ரயிலா என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது, அதுவும் ஒரு வீட்டின் மேல்மாடி முழுக்க. கனடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்த அண்ணன் ஒருவர் கட்டியது. எச்ஓ அளவு, அதாவது அசலில் 87இல் ஒரு பங்கு. மாகோவில் தொடங்கி கல்ஓயா வரும், அங்கே பிரிந்து ஒரு பாதை மட்டக்களப்புப் பக்கம் போய்ச் சுவருக்குப் பின்னால் மறையும், மற்றது கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று வந்து திருகோணமலையில் முடியும். படம் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பது கந்தளாய்க் குளத்துக்கு என்ன ஊற்றினீர்கள், பின்னால் தெரியும் எண்ணெய்க் குதங்களை யார் வரைந்தது என்பதுதான். நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. ஆட்கள் கூடி, ஆளுக்கொரு பொறுப்பை எடுத்து, அந்த லேஅவுட்டை, அதாவது தண்டவாளமும் நிலையங்களும் சேர்ந்த முழு அமைப்பை, ஒரு ரயில்வே போல ஓர் இரவு நடத்துவதைப் பற்றி.

முதலில் நடத்திய செஷன்கள் எல்லாம் குழப்பத்தில்தான் முடிந்தன. வந்தவர்கள் சும்மா நிற்கக் கூடாது என்று அண்ணன் அட்டவணையில் வண்டிக்கு மேல் வண்டியாகப் போட்டு வைத்திருப்பார். ஒற்றைப் பாதை. ஒரு நிலையத்தில் இரண்டு ரோடு, அதாவது இரண்டு தண்டவாளப் பாதை, இருந்தால் எதிரெதிரே வரும் இரண்டு வண்டி கடக்கலாம், மூன்றாவது ஒன்று வந்து வாசலில் நின்றால் உள்ளே இருப்பது வெளியே போக ஏலாது, அதற்குப் பின்னால் இன்னொன்று வரும், பிறகு கந்தளாயில் நிற்கிற வண்டிக்காகக் கல்ஓயாவில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், அவருக்காக மாகோவில் இன்னொருவர். அரை மணித்தியாலத்தில் எல்லாரும் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். வண்டி நிறைய ஓடினால் செஷன் கலகலப்பாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒருதடவை இதைப் பார்க்க வேண்டும்.

இதற்குள் கடிகாரம் வேறு. கல்ஓயாவிலிருந்து திருகோணமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர். 87ஆல் பிரித்தால் 800 மீட்டர் தண்டவாளம் வேண்டும், எந்த வீட்டு மாடியில் அது இருக்கிறது? ஆகவே தூரத்தைச் சுருக்கி, சுருங்கியதற்கு ஈடாகக் கடிகாரத்தை வேகமாக ஓட விடுகிறோம். எங்களுடையது நாலு மடங்கு, சுவரில் ஒரு மணித்தியாலம் போனால் கையில் கட்டியதில் கால் மணித்தியாலம். பாதையில் ஓடுகிற வண்டிக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் சண்டிங், அதாவது வாகன்களைக் கழற்றி இடம் மாற்றி அடுக்கும் வேலை, செய்கிறவருக்கு அநியாயம், ஏனென்றால் ஒரு சரக்கு வாகனைக் கழற்றி இன்னொன்றைக் கொளுவ மனிதக் கைக்கு எடுக்கும் நேரம் சுருங்குவதில்லை. அட்டவணை போடுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

பிறகு ரயில்வேயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரை யாரோ கூட்டி வந்தார்கள். அவர் ஒரு மூலையில் பிளேன்டீயோடு உட்கார்ந்து முழுவதையும் பார்த்துவிட்டு, “தம்பி, இது ரயில்வே இல்லை, பஸ் ஸ்டாண்ட்” என்றார். அடுத்த செஷனுக்கு வரும்போது ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார். உள்ளே தும்புத்தடிக் கம்பை வட்டம் வட்டமாக அறுத்து, அரத்தாள் போட்டுத் தேய்த்து, சூடாக்கிய கம்பியால் இரண்டு பக்கத்து நிலையங்களின் பெயரைச் சுட்டு எழுதிய மரத்துண்டுகள். அவைதான் டெப்லட். கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையில் ஒரே ஒரு துண்டு. அது கையில் இருக்கிறவர்தான் அந்தப் பகுதிக்குள் நுழையலாம். அசல் பாதையில் இயந்திரப் பெட்டியிலிருந்து எடுத்து வளையத்தில் போட்டு சாரதிக்கு நீட்டுவார்களே, அதே ஒழுங்குதான்.

அன்றிரவு பொடியன் ஒருவன் எம்4 என்ற டீசல் எஞ்சினில் தம்பலகாமத்தைத் தாண்டிவிட்டான். முன்னால் ஒரு வண்டியும் இல்லை, கண்ணுக்கே தெரிகிறது. ஐயா எழும்பிப் போய் எஞ்சினுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தார்.

“டெப்லட் எங்கே?”

“பாதை காலிதானே ஐயா?”

“காலி என்று உனக்கு யார் சொன்னது?”

“கண்ணுக்குத் தெரியுதே.”

“இரவு 2 மணிக்குக் காட்டுக்குள்ளே உனக்கு என்ன தெரியும்? பின்னுக்கு எடு.”

அவன் முகம் சுருங்கிப் போனது. ஆனால் பின்னுக்கு எடுத்தான், போனில் கேட்டான், துண்டை வாங்கிக்கொண்டு போனான். இப்போது புதியவர்களுக்கு விளக்கம் சொல்வது அவன்தான், ஐயாவைவிடக் கறார்.

வண்டிகளைப் பாதியாகக் குறைத்தோம். குறைத்த இடத்தைச் சீனக்குடா நிரப்பியது. மா ஆலைக்குள் பிரிந்து போகும் பக்கப் பாதையான சைடிங்கில் வெறும் வாகன்களைத் தள்ளி, நிரம்பியவற்றை இழுத்து, எந்த வரிசையில் வேண்டுமோ அந்த வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு வாகனுக்கும் ஓர் அட்டை, அட்டையின் பையில் ஒரு சீட்டு, சீட்டுக்கு நாலு முகம். இன்று ‘வெறும் வாகன், ஆலைக்கு’ என்றால் அடுத்த செஷனுக்குச் சீட்டைத் திருப்பும்போது ‘மா, கொழும்புக்கு’. எங்கள் லேஅவுட்டில் சைடிங் எஞ்சினுக்கு எதிர்முகமாகத் திரும்புவதால், முதலில் லூப்பில், அதாவது இரண்டு முனையிலும் பிரதான பாதையோடு சேரும் பாதையில், எஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோய் வாகன்களுக்குப் பின்னால் மாட்ட வேண்டும், லூப்பில் வேறு வண்டி நின்றால் அது போகும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் வேர்க்க விறுவிறுக்க ஒரு மணித்தியாலம் வேலை செய்வார்கள், ஒரேயொரு எஞ்சினை வைத்துக்கொண்டு. வாகன்களைக் கழற்ற வெளிநாட்டில் மூங்கில் குச்சி பாவிக்கிறார்களாம். எங்களுக்கு ஈர்க்கு. நுனியைச் சாய்வாகச் சீவி இரண்டு கொளுவிக்கும் நடுவில் விட்டு மெல்லத் திருப்பினால் விரிந்து கொடுக்கும். காய்ந்த ஈர்க்கு வேண்டும், பச்சையென்றால் வளையும்.

ரொறன்ரோவிலிருந்து

நான் திருகோணமலையில் பிறந்தவள், பள்ளிக்கூடக் காலத்தில் இரவு மெயிலில் கொழும்புக்குப் போய்வந்த ஆள், ஆகவே இதை வாசிக்க ஒரு மாதிரி ஆகிவிட்டது. இங்கே வேலையிடத்து நண்பர் ஒருவர் தன் வீட்டு நிலவறை லேஅவுட்டுக்குக் கூப்பிட்டார். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துத்தான் போனேன். வாசலிலேயே ஒரு தாளைக் கையில் தந்து, முதல் தடவையே ஓட்ட விடமாட்டோம், அனுபவமுள்ள ஒருவர் சாரதி, நீ கார்ட் வேலை பார் என்றார்கள். அட்டைகளை வைத்து எந்த வாகன் எங்கே இறங்க வேண்டும் என்று யோசிக்கிறதெல்லாம் என் தலையில். கட்டுப்பாட்டு மேசையில் இருந்தவர் வேறு அறையில், லேஅவுட்டே அவர் கண்ணுக்குத் தெரியாது, காதில் ஹெட்செட், முன்னால் தாள். பிறகுதான் தெரியவந்தது, அவர் பகலில் உண்மையான ரயில்வே ஒன்றில் அதே வேலையைச் செய்கிறவர். “வேலையும் இது, விடுமுறையும் இதா?” என்று கேட்டேன். இங்கே பிழை விட்டால் யாரும் சாகமாட்டார்கள் என்றார்.

நீங்கள் சொன்ன மட்டக்களப்புப் பாதை சுவருக்குப் பின்னால் மறைகிறதே, அதுதான் இங்கேயும் எல்லாருக்கும் உயிர். அலன் மக்லெலன்ட் என்பவர் தன் விர்ஜினியன் அன்ட் ஒஹாயோ லேஅவுட்டில் இந்த எண்ணத்தைப் பிரபலமாக்கினார் என்பார்கள்: வண்டி கண்ணில் படாத ஓரிடத்திலிருந்து வரவேண்டும், கண்ணில் படாத ஓரிடத்துக்குப் போகவேண்டும். அப்போதுதான் நடுவில் இருக்கும் நிலையம் நாட்டின் ஒரு துண்டாகத் தெரியும். ஜோன் அலன் என்ற இன்னொருவரைப் பற்றியும் அன்று கதைத்தார்கள். கலிபோர்னியாவில் பெரிய லேஅவுட் வைத்திருந்தவர், காட்சி வேலைக்குப் பேர்போனவர், ஆனால் செஷனும் ஒழுங்காக நடத்தினவராம், வாகனின் கூரையில் சின்ன அடையாளத் துண்டு வைத்து அது எங்கே போகவேண்டும் என்று காட்டுவாராம். 1973இல் அவர் இறந்து சில நாட்களில் லேஅவுட் தீப்பிடித்து அழிந்துபோனது.

கிண்ணியாவிலிருந்து

நானும் உவர்மலை செஷனுக்கு வருகிறவன். இரண்டு விசயம் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

ஒன்று கரண்ட். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களில் செஷன் வைத்தோமே, நினைவிருக்கிறதா? கரண்ட் போகிறது, எல்லாம் நிற்கிறது, அது பரவாயில்லை. திரும்பி வந்தபோது எம்2 எஞ்சின் ஒன்று யாரும் கட்டளை கொடுக்காமலே முழு வேகத்தில் கிளம்பி திருகோணமலை முட்டுக்கட்டையில் போய் இடித்தது. எஞ்சினுக்குள் கட்டளையை வாங்கும் சின்னச் சிப்பான டிகோடர், தண்டவாளத்தில் டிசிசி எனும் டிஜிட்டல் கட்டளைச் சமிக்ஞை வரும் முன்பு வெறும் மின்சாரத்தைக் கண்டால் பழைய முறை லேஅவுட் என்று நினைத்து ஓடத் தொடங்கும். டிகோடரின் சிவி 29 என்ற அமைப்பில் அந்த வசதியை நிறுத்திவிட வேண்டும். வேறொன்றும் மாற்றாமல் வைத்திருந்தால், இரண்டு இலக்க எண் எஞ்சினுக்கு 6 இருக்கும், அதை 2 ஆக்குங்கள். நாலு இலக்கமென்றால் 38ஐ 34 ஆக்குங்கள். அதற்குப் பிறகு ஒன்றும் தானாக ஓடவில்லை.

மற்றது மாரி. நொவெம்பரில் மழை பிடித்தால் பலகை ஊதும், மழை விட்டுக் காயும்போது சுருங்கும். தண்டவாளத்தில் மின்பகுதிகளைப் பிரிக்க வெட்டி விட்ட இடைவெளி மூடிக்கொள்ளும், உடனே ஷோர்ட். எங்கே என்று தேடிக் களைத்துப்போவோம். வெட்டிய இடத்தில் பிளாஸ்டிக் துண்டு ஒட்டி மட்டமாகச் சீவி விட்டால் அந்தத் தொல்லை இல்லை. கடற்காற்றுக்குத் தண்டவாளம் கறுப்பதும் இங்கே கெதியாக நடக்கும், செஷனுக்கு முதல்நாள் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் துணியோடு ஒருவர் மினக்கெட்டே ஆகவேண்டும்.

நோன்பு காலத்தில் தராவீஹ் தொழுகை முடிந்து வரும்வரை சீனக்குடா வேலையை எனக்காக நிறுத்தி வைத்திருந்தது இன்னும் மனதில் இருக்கிறது. கந்தளாயிலிருந்து வருகிற சிங்களத் தம்பி ஒருவர் போனில் மூன்று மொழியிலும் கலந்துதான் கதைப்பார், ஒருநாளும் கட்டளை பிழைத்ததில்லை. நிலையத்தின் பெயரும் வண்டி எண்ணும் திரும்பச் சொன்னால் போதும் என்பது ஐயாவின் சட்டம்.

எனக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது. என் வீட்டில் ஒரு சுவர்தான் மிச்சம். அதில் செஷன் என்று ஒன்று நடத்த முடியுமா?

பஸ் ஸ்டாண்ட் என்று சொன்ன ஐயா

பேத்தி வாசித்துக் காட்டினாள், அவளே தட்டித் தருகிறாள். பஸ் ஸ்டாண்ட் என்று சொன்னது உண்மை. தம்பிமார் கோபிக்கவில்லை.

யானை அட்டையைப் பற்றி யாரும் எழுதவில்லை. செஷன் தொடங்கும்போது சீட்டுக்கட்டிலிருந்து ஒன்று இழுப்போம். சிலவற்றில் ‘சமிக்ஞை பழுது’, சிலவற்றில் ‘எஞ்சின் வலுக் குறைவு’, இரண்டில் ‘யானை’. யானை வந்தால் ஹபரணைக்கும் கல்ஓயாவுக்கும் இடையில் இரவு வண்டிகள் எல்லாம் மெல்லத்தான் போகவேண்டும், அட்டவணை குலையும், குலையட்டும். முதலில் பிள்ளைகள் அந்தச் சீட்டு வந்தால் சிரித்துக் கைதட்டுவார்கள். 2025 பெப்ரவரியில் அந்தப் பக்கத்தில் ரயிலில் அடிபட்டு 6 யானைகள் செத்ததற்குப் பிறகு யாரும் சிரிப்பதில்லை. நான் வேலையில் இருந்த காலத்திலும் சாரதிமார் அந்தக் காட்டைப் பற்றிப் பயத்தோடுதான் கதைப்பார்கள்.

இன்னொன்று. தண்டவாளம் ஒடுக்கம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. எங்கள் பாதை 5 அடி 6 அங்குலம். கடையில் வாங்கிய 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் எஞ்சின் நிற்கிற வடிவு எனக்குக் கண்ணைக் குத்துகிறது.

மீண்டும் உவர்மலை

ஐயா சொல்வது சரி, கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆனால் அதற்குத் தண்டவாளம், பாதை பிரியும் இடத்துப் பொயின்ட், சில்லு எல்லாம் கையால் செய்ய வேண்டும், அண்ணனுக்கு இன்னொரு ஆயுள் தேவைப்படும். ஒடுக்கத்தோடு வாழ்வோம்.

கிண்ணியாத் தம்பிக்கு: ஒரு சுவர் தாராளம். மாகோ, கல்ஓயா எல்லாம் வேண்டாம், சீனக்குடாவை மட்டும் செய்யுங்கள். லூப் ஒன்று, ஆலைக்கு ஒரு சைடிங், பொருட்கள் இறக்க இன்னொன்று. இரண்டு முனையிலும் ஒரு தட்டியால் மறைத்து நாலைந்து வாகன் நிற்கும் அளவுக்குப் பாதையை நீட்டுங்கள், ஒருபக்கம் கொழும்பு, மறுபக்கம் திருகோணமலை. எஞ்சின் ஒன்று போதும். சீட்டு எழுதப் பஞ்சியென்றால் ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருள் எந்த வாகனை எங்கே விடவேண்டும் என்று தாளில் அடித்தே தரும். கடிகாரத்தைக் கூட்டாதீர்கள், சண்டிங்குக்குச் சாதாரண நேரமே சரி. பலகை வெட்ட முன்னர் சுவரின் நீளத்தையும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் இங்கே எழுதுங்கள், பொயின்ட் எங்கே வரவேண்டும் என்று ஐயாவோடு இருந்து வரைந்து அனுப்புகிறேன்.