கீபோர்டு மக்கர் பண்ணிய அனுபவங்கள்: வேலூர், ராணிப்பேட்டை பக்கத்தில் வாசிப்பவர்கள் வாருங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:
கீபோர்டு ரிப்பேர் என்று என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் ரிப்பேரே இல்லை, அதனால்தான் இதை ஆரம்பிக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி பழைய காசியோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆன் ஆகவில்லை, உள்ளே இருக்கும் போர்டு, அதாவது சர்க்யூட் பலகை, போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று எங்கோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் திருப்புளியைத் தொடவே இல்லை, பேட்டரி போட்டுப் பார்த்தேன், உயிர் வந்துவிட்டது. அப்படியென்றால் போர்டு நன்றாக இருக்கிறது, கோளாறு அடாப்டரில். வீட்டில் கிடந்த ஏதோ மோடத்தின் அடாப்டரைச் செருகியிருக்கிறார்கள், வோல்ட் என்னவோ 9தான், ஆனால் பழைய காசியோவுக்கு வரும் ஏடி-5 அடாப்டரில் நடுப்பின் மைனஸ், மோடத்தினுடையதில் நடுப்பின் பிளஸ். அதே காசியோவில் பின்னால் வந்த பல மாடல்களுக்கு 9.5 வோல்ட், நடுவில் பிளஸ். யமஹாவின் பிஏ-150 என்றால் 12 வோல்ட், 1.5 ஆம்பியர், அதற்கும் நடுவில் பிளஸ். கம்பெனி பெயரைப் பார்த்துச் செருகினால் போதாது, பின்புறம் துளைக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு பிளஸ், மைனஸ் அச்சடித்திருப்பார்கள், அதைப் பாருங்கள். அந்தத் தம்பிக்கு நல்ல நேரம், தலைகீழாகக் கொடுத்தும் உள்ளே எதுவும் கருகவில்லை.
உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:
அண்ணா, வோல்ட் சரியாக இருந்தாலும் ஆம்பியர் குறைந்தால் இன்னொரு கூத்து நடக்கும். வைகாசி முதல் நாள் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, உங்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரு கச்சேரி. ஒரு மேடையில் வாடகைக்கு வந்த யமஹாவில் மெல்ல வாசித்தால் ஒன்றும் இல்லை, வால்யூம் ஏற்றி, தானாகத் தாளமும் பின்னணியும் ஓடும் ஸ்டைலையும் போட்டு இரண்டு கையால் அழுத்தினால் டப்பென்று அணைந்து திரும்ப ஆன் ஆகிறது. எல்லோரும் ஜெனரேட்டர்காரரைத் திட்டினார்கள், அவர் பாவம். கூட வந்தது அரை ஆம்பியர் டூப்ளிகேட் அடாப்டர், ஸ்பீக்கர் கேட்கும் கரன்ட்டை அதனால் தர முடியவில்லை. கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு மிக்சரில் ஏற்றிக்கொள்ளலாம் என்றால் பல மாடலில் அதற்கு வழியில்லை, ஒரே வால்யூம் இரண்டுக்கும். ஹெட்போன் துளையிலிருந்து மிக்சருக்கு எடுத்தோம், ஸ்பீக்கர் தானாக வெட்டிக்கொண்டது, அன்று இரவு ஓடிவிட்டது.
இன்னொன்று. நடுவில் தலைவர்கள் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும், திரும்பி வந்தால் கீபோர்டு அணைந்திருக்கும், "இன்னாபா, பொட்டி செத்துப்போச்சா?" என்று கமிட்டிக்காரர் ஓடி வருவார். யமஹா இ வரிசையில் (பிஎஸ்ஆர்-இ என்று தொடங்கும் மாடல்கள்) 30 நிமிடம் தொடாவிட்டால் தானாக அணைந்துவிடும்படி வைத்துத்தான் அனுப்புகிறார்கள். இடது கடைசிக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவரை ஆன் செய்தால் அந்த வேலை நின்றுவிடும். மேடைக்கு ஏறுமுன் இதை நான் விடுவதில்லை.

ஆற்காடு பக்கத்திலிருந்து, கூத்து வாசிப்பவன்:
எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஆர்மோனியத்தோடு கீபோர்டும் வைத்துக்கொள்கிறோம். கூத்தில் எல்லாமே உச்சக் கட்டைச் சுருதி, அதனால் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் இல்லாமல் பிழைப்பு ஓடாது. ஒரு முறை பெட்டியை பஜனைக் கோவிலுக்கு இரவல் வாங்கிப் போனார்கள், விடிகாலை போன் வருகிறது, கீபோர்டு சுருதி கெட்டுவிட்டதாம், ஒரு கட்டைச் சுருதிக்குப் போட்டால் நாலரைக் கட்டை பேசுகிறதாம். எலக்ட்ரானிக் சாமான் அப்படியெல்லாம் சுருதி இறங்காது, கம்பியா தளர்வதற்கு? அவர்கள் புல்லாங்குழல் டோன் வேண்டுமென்று என் மெமரி பட்டனை அழுத்தியிருக்கிறார்கள், டோனோடு சேர்த்து நான் சேமித்து வைத்த டிரான்ஸ்போஸும் வந்துவிட்டது. அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்ததும் சரி.
முழு அரைக்கட்டையாக இல்லாமல் கொஞ்சமே கொஞ்சம் விலகி நின்றால் அது டிரான்ஸ்போஸ் இல்லை, டியூனிங். பழைய ஆர்மோனியத்துக்கு ஒத்துப்போக யாராவது 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதி அளவை நகர்த்தியிருப்பார்கள். எதை யார் மாற்றினார்கள் என்றே தெரியவில்லை என்றால், யமஹா இ வரிசையில் வலது கடைசி வெள்ளைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்யுங்கள், ஆரம்ப நிலைக்குப் போய்விடும். சேமித்ததும் போகும், முன்னாடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரிலிருந்து:
செட்டிங் கதை எல்லாம் சரி, நிஜமாகவே திறக்க வேண்டிய கோளாறு ஒன்று இருக்கிறது. சில கட்டைகள் பேசாது, சில கட்டைகள் எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் கத்தும். என் அக்கா பெண்ணுடையது அப்படி ஆனது, நடுவில் மூன்று கட்டை மட்டும் அலறும். கழற்றினால் கட்டைகளுக்கு அடியில் நீளமாக ரப்பர் பட்டை, ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு குமிழ், குமிழுக்குள் கறுப்பாகப் பொட்டு மாதிரி கார்பன். ஒரு பொட்டு கொஞ்சம் முந்தி பலகையைத் தொடும், மற்றது பிந்தித் தொடும். இரண்டுக்கும் நடுவில் போகும் நேரத்தை வைத்துத்தான் நீங்கள் ஓங்கி அடித்தீர்களா, மெல்லத் தொட்டீர்களா என்று கீபோர்டு முடிவு செய்கிறது. முந்தித் தொட வேண்டிய பொட்டில் தூசி ஏறிவிட்டால் அந்தக் கணக்கு கெட்டு முழுச் சத்தத்தில் பேசும், அல்லது பேசாது. அந்த ரப்பருக்கு அடியில் நான் பார்த்தது தூசி, ஒரு கரப்பான் இறக்கை, காய்ந்துபோன மிக்சர் துணுக்கு. தின்னும் மிக்சர்.
ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை லேசாக நனைத்து பலகையையும் பொட்டையும் துடைத்தேன், நன்றாகக் காயவிட்டு மூடினேன். பட்டையைத் திரும்ப வைக்கும்போது அதன் சின்னக் காம்புகள் எல்லாம் துளைக்குள் முழுசாக இறங்க வேண்டும், ஒன்று தூக்கி நின்றாலும் அந்தக் கட்டை தகராறு செய்யும். கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளைக் கட்டையின் ஸ்க்ரூவும் உடம்பின் ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை.

காட்பாடியிலிருந்து:
அந்தக் கறுப்புப் பொட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லி ஒருவர் எனக்குச் சொன்னார், நானும் கேட்டதுண்டு, நல்லதா?

ஆம்பூரிலிருந்து:
வேண்டவே வேண்டாம் தம்பி. அது பூசிய கார்பன், தேய்ந்தால் போச்சு, பட்டையையே மாற்ற வேண்டும். பெட்ரோல், தின்னரும் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். அப்புறம் ஒன்று, பேசாத கட்டைகளை எண்ணிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தூசி. சீரான இடைவெளி விட்டு, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று வரிசையாகப் பேசவில்லை என்றால் உள்ளே ரிப்பன் ஒயரோ பலகையின் ஒரு கோடோ விட்டிருக்கும், எவ்வளவு துடைத்தாலும் வராது.

ராணிப்பேட்டையிலிருந்து, சர்ச்சில் வாசிக்கிறேன்:
கட்டையை விட்ட பிறகும் சுரத்தை இழுத்துப் பிடிக்கும் சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்ததுண்டா? மிதித்தால் நிற்கிறது, விட்டால் இழுக்கிறது. கரோல் ஒத்திகையில் அப்படி ஆனது. பெடல் மேல் பாட்டுப்புத்தக அடுக்கை வைத்துவிட்டு யாரோ ஆன் செய்திருக்கிறார்கள். பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நொடியில் பெடல் எப்படி இருக்கிறதோ அதையே விட்ட நிலை என்று எடுத்துக்கொள்ளும். அணைத்து, காலை எடுத்துவிட்டு ஆன் செய்தால் போதும். யமஹா பெடலும் காசியோ பெடலும் ஒன்றுக்கொன்று எதிர், அப்படித் தானாக எடுத்துக்கொள்ளாத கீபோர்டில் மாற்றிச் செருகினாலும் இதே கதைதான்.
உர்ரென்று ஒரு சத்தம் வந்தால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டதா, கிரவுண்ட் லூப், எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவதால் வரும் சத்தம். எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் கொடுங்கள், அப்படியும் விடாவிட்டால் கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் அந்த எர்த் இணைப்பை வெட்டும் டிஐ பாக்ஸ். சவுண்ட் சர்வீஸ் பையன்கள் சிலர் எர்த் பின்னை உடைத்துவிட்டு சத்தம் போய்விட்டது என்பார்கள், கை வைக்கிறவன் உயிர் போகும், விடாதீர்கள்.

வாலாஜாவிலிருந்து:
ஸ்டைல் ஓடும்போது பெடல் மிதித்து வாசித்தால் முன்னாடி அழுத்திய சுரங்கள் பாதியில் அறுந்து போகின்றன. ரப்பரா?

சத்துவாச்சாரியிலிருந்து:
இல்லை, உங்கள் மாடல் என்ன? பிஎஸ்ஆர்-இ253 மாதிரி என்றால் ஒரே நேரத்தில் 32 சுரம்தான் பேசும், டிரம், பேஸ், கார்டு எல்லாம் அதிலேயே பங்கு. கணக்கு தாண்டினால் பழையதை வெட்டிவிடும். பெடலைக் குறைத்து மிதியுங்கள், உங்கள் மாடலில் டூயல் வாய்ஸ் (ஒரே கட்டைக்கு இரண்டு டோன் பேசுவது) இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், நீங்கள் வாசிக்கும் சுரத்தில் பாதி அதிலேயே மிச்சமாகும்.