திலாப்பியா குடல் பாக்டீரியா: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக, சிங்கப்பூர் லிம் சூ காங் பண்ணைத் திலாப்பியா மீனின் குடலிலிருந்து பேசில்லஸ் வகைப் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்திருக்கிறேன். மீனுக்கு நோய் தரும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா கிருமியைப் பூசிய தட்டில் அதைச் சுற்றித் தெளிவான வளையம் விழுகிறது, அதாவது அந்தக் கிருமியை வளரவிடாமல் தடுக்கிறது. குடலில் இருக்கும் பித்த உப்பையும் தாங்குகிறது. பேசில்லஸ் வறட்சியைத் தாங்கும் வித்து (ஸ்போர்) உண்டாக்குவதால் தீவனம் காய்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மீன் புரோபயாட்டிக்குக்கு (தீவனத்தில் கலந்து கொடுக்கும் நல்ல பாக்டீரியா) இதைவிடத் தோதான இனம் கிடைப்பது அரிது என்றே நினைக்கிறேன்.

சிக்கல் ரத்த அகாரில் (ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டு). காலனி ஓரத்தில் சிவப்பு முழுதாக வெளுத்துவிடுகிறது, அதாவது ரத்த அணுக்களை உடைக்கிறது. உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் செரியஸாக இருந்தால்? இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைப் பார்த்தால் போதுமா, நச்சு மரபணுக்கள் இருக்கின்றனவா என்று பிசிஆர் சோதனையும் செய்யணுமா? இல்லை, இதை விட்டுவிட்டு வேறு காலனி தேடுவதா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நம்பி மீன் கொடுத்த பண்ணைக்காரர் தொட்டிக்கு என்னால் கேடு வரக்கூடாது.