மறு: மறு: டாஃபோனமிக்குத் தமிழில் என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர் | திங்கள் இரவு

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

தொல்கடல் உயிர்களைப் பற்றிய அறிமுக நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கானது. புதைபடிவம், தொல்லுயிரியல், படிவுப்பாறை எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. ஐந்தாம் இயலில் நின்றுவிட்டேன். அதன் தலைப்பே டாஃபோனமி. ஓர் உயிர் இறந்தது முதல் கல்லாகி நம் கைக்கு வரும்வரை அதற்கு என்னென்ன நேர்கிறது, எது அழிகிறது, எது தங்குகிறது என்று ஆராயும் துறை. 1940இல் சோவியத் தொல்லுயிரியலாளர் இவான் எஃப்ரேமோவ் இட்ட பெயர். கிரேக்கத்தில் தாஃபோஸ் என்றால் புதைகுழி, நோமோஸ் என்றால் விதி.

இப்போதைக்குப் 'புதைவியல்' என்று போட்டு வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. நாற்பது இடத்துக்கு மேல் இச்சொல் வருகிறது. வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்பியாக வேண்டும். உதவுங்கள்.

———

புலவர் | செவ்வாய் காலை

> கிரேக்கத்தில் தாஃபோஸ் என்றால் புதைகுழி

ஐயா, வேறெங்கும் தேட வேண்டாம். நம்மிடம் தாழி இருக்கிறது. புறநானூற்று 256ஆம் பாட்டை எண்ணிப் பாருங்கள். வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு வந்த சிறு வெண்பல்லி போலக் கணவனோடு சுரம் பல கடந்து வந்தவள், 'ஈமத் தாழி அகலிது ஆக வனைமோ' என்று குயவனைக் கேட்கிறாள். தனக்கும் அதில் இடம் வேண்டுமாம்.

தாழ் என்ற அடியில் பிறந்தது தாழி. தாழ்தல் என்பது கீழிறங்குதல், அமிழ்தல். இறந்த உயிர் கடலடிக்குத் தாழ்வதையும் அதே அடி சொல்லிவிடுகிறது. 'தாழியியல்' என்க. தாஃபோஸ், தாழ் என்னும் ஒலியொப்பையும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

———

நிலவியலார் | செவ்வாய் மாலை

புலவர் ஐயா எடுத்துக்காட்டிய பாட்டை இன்று இருமுறை படித்தேன். ஆனால் சொல்லை ஏற்க முடியவில்லை. தாஃபோஸ், 'புதை' என்று பொருள்படும் ஒரு கிரேக்க வினையிலிருந்தே வந்தது. தாழ் என்பதற்கு ழகரம்தான் உயிர். கிரேக்கச் சொல்லில் அதன் சாயலே இல்லை. அதைவிடப் பெரிய இடர், தாழி மனிதர் வனைந்து மனிதரை வைத்துப் புதைத்தது. தொல்லியலார் அதை விட்டுத்தர மாட்டார்கள், விட்டுத்தரவும் கூடாது. கடலடியில் புதைப்பார் யாருமில்லை. சேறு வந்து மூடினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

'புதைவியல்' பற்றியும் சொல்ல வேண்டும். புதைவு என்பது நடுவில் வரும் ஒரு கட்டம். அதற்கு முன் அழுகல் உண்டு, பிணந்தின்னிகள் உண்டு, நீரோட்டம் இழுத்துப்போவது உண்டு. அதற்குப் பின் கரைதல், நசுங்குதல், கனிமம் ஏறுதல். இவையெல்லாம் சேர்ந்துதான் நமக்குக் கிடைக்கும் தொல்கடலை வடிகட்டித் தருகின்றன.

சுறாவைப் பாருங்கள். அதன் எலும்புக்கூடு குருத்தெலும்பு; பெரும்பாலும் மிஞ்சாது. பற்களோ வாழ்நாளெல்லாம் உதிர்ந்துகொண்டே இருக்கும், உறுதியானவை. மெகலடான் என்ற பெருஞ்சுறாவை நாம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் பற்களாலும் சில முள்ளெலும்புகளாலும்தான். அதன் நீளம் எவ்வளவு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அம்மோனைட் என்ற அழிந்துபோன சுருளோட்டுக் கடலுயிரின் ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது, எளிதில் கரையும். பக்கத்திலேயே கால்சைட் என்ற வேறு கனிமத்தாலான ஓடு கொண்ட சிப்பி கலையாமல் கிடக்கும். பாறையை மட்டும் நம்புகிறவர் அங்கே சிப்பிகள்தான் வாழ்ந்தன என்று எழுதிவிடுவார்.

கோனோடோன்டுகளின் கதை இன்னும் நீளம். பல் போன்ற அந்த நுண்துண்டுகளை 1856இல் பாண்டர் என்ற தொல்லுயிரியலாளர் விவரித்தார். உலகெங்கும் பாறைகளின் வயதைக் கணிக்க அவற்றைப் பயன்படுத்தினார்கள். எந்த விலங்கின் வாயில் இருந்தவை என்று மட்டும் தெரியவில்லை. விலாங்கு போன்ற சிறிய மென்னுடல் ஒன்று, அந்தப் பற்களோடு, ஸ்காட்லாந்துப் பாறையில் இருந்ததை 1983இல்தான் வெளியிட்டார்கள். பல் எஞ்சியது, உடல் எஞ்சவில்லை, அவ்வளவுதான் காரணம். 127 ஆண்டுகள்.

ஆகவே எது எஞ்சும், எது எஞ்சாது என்பதைச் சொல்லும் பெயர் வேண்டும். 'எச்சவியல்' சரியாக வருமா?

———

தமிழாசிரியை | செவ்வாய் இரவு

> 'எச்சவியல்' சரியாக வருமா?

வராது ஐயா. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பதாம் இயலுக்கு அந்தப் பெயர் என்றோ போய்விட்டது. ஒரு பெயருக்கு இரண்டு வீடு இருக்கலாம் என்பீர்கள். ஆனால் இன்னொன்றும் இடிக்கிறது. பறவையின் கழிவையும் எச்சம் என்கிறோம். உங்கள் நூலில் சாணப் படிவங்களும் வந்திருக்குமே? 1829இல் ஆங்கிலேய நிலவியலாளர் பக்லாண்டு அவற்றுக்குக் காப்ரோலைட் என்று பெயரிட்டார்; இக்தியோசார் என்ற பழங்கடல் ஊர்வனவற்றின் கழிவுக்குள் மீன்செதில் இருந்ததைக் கண்டு அவை எதைத் தின்றன என்று சொன்னார். 'இக்தியோசாரின் எச்சம்' என்று எழுதினால் மாணவர் எதை நினைப்பார், உடலையா கழிவையா?

ஆனால் எச்சம் என்ற சொல்லின் வேரை விட எனக்கு மனமில்லை. அஞ்சு, அச்சம். மிஞ்சு, மிச்சம். எஞ்சு, எச்சம். ஒரே வாய்பாடு. இலக்கணத்தில் எச்சம் என்பது குறைபட்ட சொல். முடிப்பதற்கு இன்னொன்றை வேண்டி நிற்பது. 'வந்த' என்றால் யார் என்று கேட்கத் தோன்றும். 'வந்து' என்றால் என்ன செய்தான் என்று கேட்கத் தோன்றும். தொல்காப்பியர் எண்ணும் பத்து எச்சங்களும் 'எஞ்சுபொருட் கிளவி'. புதைபடிவமும் அப்படித்தானே நிற்கிறது? ஒரு பல் கிடைக்கிறது. மீதி உடலை நாம் முடிக்க வேண்டியிருக்கிறது. தவறான பெயரைக் கொண்டு முடித்துவிடவும் கூடும்.

என் பரிந்துரை 'எஞ்சுநெறி'. வினைத்தொகை. எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் நெறி. எஃப்ரேமோவின் நோமோசுக்கும் நெறி நேராக அமைகிறது. 'இயல்' ஒட்டு எல்லாத் துறைக்கும் போட்டுத் தேய்ந்துவிட்டது.

———

விலங்கியல் மாணவர் | புதன் காலை

அனைவருக்கும் வணக்கம். படிக்கப்போகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எஞ்சுநெறி அழகாக இருக்கிறது. ஆனால் இந்த நூலை மூடிவிட்டு ஆய்வுக்கட்டுரை தேடும்போது அந்தச் சொல் எனக்கு எதையும் கொண்டுவராது. டாஃபோனமி என்றே எழுதிவிட்டால் என்ன? அம்மோனைட்டையும் அரகோனைட்டையும் அப்படியேதானே வைத்திருக்கிறோம்?

———

புலவர் | புதன் காலை

தம்பி, அம்மோனைட் ஒரு பொருளின் பெயர். டாஃபோனமி ஒரு கருத்தின் பெயர். பொருளைக் கையில் கொடுத்துக் காட்டலாம், கருத்துக்குச் சொல்தான் கை. மேலும் தமிழில் டகரம் சொல்லுக்கு முதலாகாது. ஆய்தம் குற்றெழுத்தை அடுத்து வல்லினத்துக்கு முன் வரும்: எஃகு, அஃது. இங்கே 'டா' நெடில். மூன்றெழுத்துக்குள் இரண்டு பிழை.

———

விலங்கியல் மாணவர் | புதன் நண்பகல்

அப்படியானால் எஃப்ரேமோவ் மட்டும் நின்றுவிடலாமா ஐயா? எகரம் குறில் என்பதாலா?

———

புலவர் | புதன் மாலை

நின்றுவிடலாம், தம்பி. ஆளின் பெயரை அவர் ஊர் அழைக்கிறபடி அழைப்பது மரியாதை.

———

இன்னோர் உறுப்பினர் | புதன் மாலை

மக்கள் வழக்கை யாரும் தொடவில்லையே? 'கல்மரம்' என்று சொன்னால் விளங்காதவர் இல்லை. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூர்க் கல்மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18 மீட்டருக்கு மேல் நீளம். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அறிவித்தது. 'கல்லாதல்' என்பதிலிருந்து ஒரு சொல் பண்ணுங்கள்.

———

தமிழாசிரியை | புதன் மாலை

'கல்லாத உயிர்கள்' என்று எழுத நேர்ந்தால் கல்வி கற்காத உயிர்கள் என்றே படிப்பார்கள். கல்மரம் அருமையான சொல். ஆனால் அது முடிந்த பொருளின் பெயர், நாம் தேடுவது நிகழ்வின் பெயர்.

———

நிலவியலார் | புதன் இரவு

சாத்தனூர் மரத்தை நினைவூட்டியதற்கு நன்றி. அது கிடப்பது கிரெட்டேசியக் காலக் கடற்படிவில். மரம் கடலில் முளைக்கவில்லை. நிலத்தில் வளர்ந்தது நீரில் அடித்துவரப்பட்டுக் கடலடியில் புதைந்தது. வாழ்ந்த இடம் வேறு, கிடக்கும் இடம் வேறு. இந்தத் துறையின் பாதிப் பாடம் இதுதான். நாட்டிலஸ் என்ற ஓட்டுக் கடலுயிர் இறந்தால் அதன் காற்றறை ஓடு மிதந்து, அந்த உயிர் வாழவே வாழாத கரைகளில் ஒதுங்குகிறது. அதன் உறவான அம்மோனைட்டுகளிலும் சில அப்படி மிதந்திருக்கலாம். கிடைத்த இடத்தை வைத்தே அது வாழ்ந்த கடலின் ஆழத்தைச் சொல்லிவிட முடியாது.

மாறாக, செருமனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணப்பாறையில் ஒரு குதிரைலாட நண்டு, 15 கோடி ஆண்டுக்கு முந்தையது. 9.7 மீட்டர் நீளத்துக்கு அதன் காலடித் தடம் பதிந்திருக்கிறது. தடத்தின் முடிவில் நண்டே கிடக்கிறது. கடைசியாக நடந்த நடை, இறந்த இடம், புதைந்த இடம் மூன்றும் ஒன்று. அப்போது அங்கிருந்த காயல் நீரின் அடியில் உயிர்வளி இல்லை, தின்ன வருவாரும் இல்லை.

வாழ்ந்த இடம், இறந்த இடம், புதைந்த இடம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டா?

———

தமிழாசிரியை | வியாழன் அதிகாலை

சங்கப் பாட்டின் அடிக்குறிப்புகளில் உண்டு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன். ஒரே பெயர்கொண்ட மன்னரைப் பிரித்தறிய, இறந்த இடத்தை அடையாக்கினார்கள். 'வாழிடம், துஞ்சிடம், புதைவிடம்' என்று வைக்கலாம். சாத்தனூர் மரத்துக்கு வாழிடம் வேறு, புதைவிடம் வேறு. சோல்ன்ஹோஃபன் நண்டுக்குப் பின்னிரண்டும் ஒன்று.

———

மொழிபெயர்ப்பாளர் | வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. வந்த சொற்களை எல்லாம் இயலின் கடினமான வரிகளில் பொருத்திப் பார்த்தேன். 'எஞ்சுநெறி' தலைப்பில் ஒளிர்கிறது. ஆனால் 'எஞ்சுநெறி ஆய்வாளர்', 'எஞ்சுநெறிச் சாய்வு' என்று அடையாகும்போது நாக்கு நிற்கிறது. அறநெறி, நன்னெறி என்று பழகிய காதுக்கு அது ஒழுக்கம்போலவும் கேட்கிறது. 'புதைவியல்' பொருளில் குறைபட்டது. நிலவியலார் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் எங்கு வைத்தாலும் வரி ஓடுகிறது, புதைபடிவத்தோடு இனமாகவும் நிற்கிறது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் அதற்கு ஐவர், எஞ்சுநெறிக்கு மூவர், தாழியியலுக்கும் டாஃபோனமிக்கும் ஒவ்வொருவர்.

புதைவியல் என்றே அனுப்புகிறேன். இயலின் முதல் பத்தியில், புதைவுக்கு முன்னும் பின்னும் நிகழ்பவையும் இதில் அடங்கும் என்று விரித்து எழுதியிருக்கிறேன். கிரேக்கச் சொல்லின் ஒலிபெயர்ப்பை அருகிலேயே கொடுத்திருக்கிறேன், தேடுகிற மாணவர்களுக்காக. வாழிடம், துஞ்சிடம், புதைவிடம் மூன்றையும் நூல் முழுக்க எடுத்துக்கொண்டேன்.

———

தமிழாசிரியை | வியாழன் இரவு

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்பாடு இல்லை. குறை என்று தெரிந்தே வைக்கும் சொல் அடுத்த நூலில் குறையாகத் தெரியாமல் போய்விடும், எனக்கு அதுதான் கவலை. நான் எழுதும் இடங்களில் எஞ்சுநெறி என்றே எழுதுவேன்.

———

புலவர் | வெள்ளி காலை

துஞ்சிடம் பற்றி ஒரு சொல். துஞ்சுதலுக்கு முதற்பொருள் உறங்குதல். மங்கலமாகச் சொல்லவே மன்னர்க்கு அதை வைத்தார்கள். 'மீனின் துஞ்சிடம்' என்றால் அது உறங்கும் பவளப்பொந்து என்று கொள்வாரும் இருப்பர். கோப்பு இன்னும் போகவில்லை என்றால் 'மாய்விடம்' என்பதைக் கருதிப் பாருங்கள்.

———

மொழிபெயர்ப்பாளர் | வெள்ளி நண்பகல்

காலை ஒன்பது மணிக்கே போய்விட்டது ஐயா. மெய்ப்பு அடுத்த மாதம் வரும். அப்போது இந்த இழையை மறுபடி திறக்கிறேன்.